கையுறைத் தோலின் மென்மை எங்கிருந்து வருகிறது?

கோல்ஃப் ஆடுபவர்கள் ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொள்ளும் வெள்ளை உறையின் தோல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். அத்தனை முறை மட்டையை இறுக்கிப் பிடித்தும் அது எளிதில் கிழிவதில்லை; கையை மூடினால் முரண்டு பிடிப்பதும் இல்லை. 'கப்ரெட்டா' எனப்படும் இந்தத் தோல் எத்தியோப்பியா, இந்தோனேசியா போன்ற வெப்பநாடுகளின் செம்மறிகளிலிருந்து கிடைக்கிறது.

கம்பளி நிறைந்த குளிர்நாட்டு ஆட்டின் தோல் இதற்கு ஏன் சரிப்படுவதில்லை? குறை கம்பளியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தோலுக்குள் ஒரு குழி, அதையொட்டி எண்ணெய்ச் சுரப்பி. கம்பளி ஆட்டில் இவை நெருக்கியடித்து நிற்பதால் மேல்தோல் அடுக்குக்கும் அடியடுக்குக்கும் நடுவே கொழுப்பு நிறைந்த ஒரு பட்டை உண்டாகிறது. பதனிடும்போது கொழுப்பு போனதும் அந்த இடம் வெற்றாகிறது. இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. கம்பளியில்லாமல் குட்டை முடி மட்டும் உள்ள செம்மறிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. நார்கள் அடர்ந்து பின்னியிருக்கும். நம்மூர் மேச்சேரி ஆடும் இந்த இனவகைதான். அதன் தோலுக்குத் தோல் வியாபாரிகளிடம் தனி மதிப்பு உண்டு.

இது வலிமையின் கதை. மென்மை வேறு.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். உயிருள்ள தோலில் நார்களுக்கிடையே நீர் நிற்கிறது. பச்சைத் தோலை அப்படியே காயவிட்டால் நீர் போய், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். பறையில் கட்டுவது இப்படிப் பதனிடாமல் காய்ந்த தோலைத்தான். அங்கே விறைப்பு வேண்டும். கையுறைக்கு நேரெதிர்: காய்ந்த பிறகும் ஒவ்வொரு நாரும் பக்கத்து நாரின்மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். பதனிடும் பட்டறையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி இதற்காகத்தான்.

முதலில் சுண்ணாம்புத் தொட்டி. முடி கழல்வது கண்ணுக்குத் தெரியும் பலன். நார்க்கட்டுகள் உப்பி, இழைகளாகப் பிரிவதுதான் முக்கியமான பலன். அடுத்து, நார்களுக்கிடையே பசைபோல் மிஞ்சியிருக்கும் மற்ற புரதங்களை நொதிகள் கரைக்கின்றன. ஐரோப்பாவில் நெடுங்காலம் இதற்கு நாயின் எச்சத்தைக் கரைத்துத்தான் தோலை ஊறவைத்தார்கள். கையுறைத் தோலுக்கு அதை விட்டால் வழியில்லை என்றே நம்பினார்கள். வேலை செய்தது அதிலிருந்த நொதிகள் என்று புரிந்துகொண்டு, கணையத்தின் நொதிகளை அதற்குப் பதிலாகக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம். 1907-ல் அவர் தொடங்கிய நிறுவனமே இந்தப் பொருளை நம்பித்தான். தோல் தொழிலாளிகளின் கைகளை அந்த நாற்றத்திலிருந்து மீட்டது இந்த வேதியியல். அவரை இன்னும் அதிகம் பேர் அறிந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பிறகு பதனிடல். பச்சைத் தோல் ஏறத்தாழ 60 டிகிரி வெந்நீரிலேயே சுருங்கிவிடும். குரோமியம் உப்பு கொலாஜன் இழைகளுக்கிடையே பாலம் போட்டதும் கொதிநீரைக்கூடத் தாங்கும். பழைய ஐரோப்பியக் கையுறைக்காரர்கள் படிகாரம், உப்பு, மாவு, முட்டை மஞ்சள் கரு நான்கையும் குழைத்து ஊட்டினார்கள். வெள்ளை வெளேரென்ற, பட்டுப்போன்ற தோல் கிடைத்தது. ஆனால் படிகாரத்தின் பிடி வலுவற்றது. தண்ணீரில் அலசினால் போய்விடும்.

மஞ்சள் கருவில் லெசித்தின் இருக்கிறது. அது எண்ணெயை நீரில் நுண்துளிகளாகப் பரவ வைப்பதால் கொழுப்பு நார்களின் இடுக்குவரை சென்று படிகிறது. இன்று அதே வேலையை நீரில் கலக்கும்படி மாற்றிய எண்ணெய்கள் செய்கின்றன. கடைசியில் தோலை இழுத்து, வளைத்து, உலர்ந்தபோது லேசாக ஒட்டிய நார்களையும் பிரித்துவிடுவார்கள்.

வெட்டுபவரின் திறமை இதற்குப் பின்னும் வேண்டும். தேர்ந்த கைவினைஞர் தோலைச் சற்று ஈரப்படுத்தி, மேசை விளிம்பில் நீளவாக்கில் இழுத்து, இழுவையை முன்கூட்டியே தீர்த்துவிட்டுத்தான் வெட்டுவார். அதனால் உறை விரல் நீளத்தில் தொளதொளக்காமல், குறுக்கே மட்டும் விரிந்து கொடுக்கும்.

வியர்வையில் நனைந்த உறையை வெயிலிலோ சூடான இயந்திரத்தின் மேலோ காயவைத்தால் மொரமொரப்பாகிவிடும். வியர்வையும் நீரும் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற, வேகமாக உலரும் நார்கள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. கையிலிருந்து கழற்றியதும் விரல்களை நீவிவிட்டு, நிழலில் விரித்துக் காயவிட வேண்டும்.