பெர்ஃபார்மேட்டிவிட்டி: ‘செயல்திறன்’ இல்லை, ‘நிகழ்த்துதன்மை’

பங்குச்சந்தையைப் பற்றிய சமூகவியல் எழுத்து தமிழுக்கு வரும்போது, ‘பெர்ஃபார்மேட்டிவிட்டி’ (ஒரு கூற்றோ கோட்பாடோ தான் சொல்வதையே உருவாக்கிவிடும் தன்மை) இருந்த இடத்தில் ‘செயல்திறன்’ உட்கார்ந்துவிடுகிறது. இது தவறு. பொருளே புரண்டுபோகிறது.

‘பெர்ஃபார்ம்’ பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். செய்து முடிப்பது என்பதே முதற்பொருள். மேடை பிறகு வந்தது. ‘வாக்குக் கொடுக்கிறேன்’ என்பதுபோல, சொல்வதே செயலாகிவிடும் கூற்றுகளுக்கு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் ‘பெர்ஃபார்மேட்டிவ்’ என்று பெயர் வைத்தார். 1998-இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மிஷேல் கலோன் அதைப் பொருளியலுக்குக் கொண்டுவந்தார்: பொருளியல் சந்தையை விவரிப்பதோடு நிற்பதில்லை, அதை உருவாக்கவும் செய்கிறது.

சமூகவியலாளர் டொனால்ட் மெக்கென்ஸி இதற்கு எடுத்துக்காட்டியது சிகாகோ ஆப்ஷன் சந்தை. ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலைக்குப் பின்னர் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை. அது திறந்த 1973-இல்தான் ஆப்ஷனின் விலையைக் கணக்கிடும் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரமும் அச்சானது. தொடக்கத்தில் சந்தை விலை சூத்திரத்தோடு ஒட்டவில்லை. சூத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிஷர் பிளாக் அந்தச் சூத்திரப்படி கணக்கிட்ட விலைத்தாள்களை விற்றார். டிரேடர்கள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, தாளைவிட மலிவானதை வாங்கினார்கள், கூடுதலானதை விற்றார்கள். விலை மெல்ல மெல்ல சூத்திரத்தின் பக்கம் வந்தது.

இதற்குப் போய் ‘சூத்திரத்தின் செயல்திறன்’ என்றால் வாசகருக்கு என்ன புரியும்? சூத்திரம் சரியாகக் கணித்தது என்றுதான் புரியும். மெக்கென்ஸி சொன்னதோ, சூத்திரம் தனக்கேற்ற சந்தையை ஆக்கிக்கொண்டது என்பது. போதாததற்கு, மியூச்சுவல் ஃபண்டு விளம்பரங்களில் ‘கடந்தகாலச் செயல்திறன்’ என்று தினமும் படிக்கிறோம். நிதி உலகில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

‘நிகழ்த்துதன்மை’யில் நாடக வாடை அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும். ‘நிகழ்’ தன்வினை, ‘நிகழ்த்து’ பிறவினை: நிகழச் செய்வது. நமக்கு வேண்டியதும் அதுதானே! தமிழ் இலக்கணமே கையில் தருவதை விட்டுவிட்டு, அகராதியில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைப் புரட்டி முதலில் கண்டதை எடுத்துப்போடும் சோம்பல் மொழிபெயர்ப்பில் மிகுந்துவிட்டது.

மெக்கென்ஸி இதன் எதிர்நிலையையும் பேசுகிறார். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸ் 22.6 விழுக்காடு சரிந்தது. பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தின் அதே கோட்பாட்டிலிருந்து பிறந்தது, முதலீட்டின் இழப்பைக் கட்டுப்படுத்தும் ‘போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்’ முறை. அது, விலை இறங்க இறங்க விற்கச் சொன்னது. அந்த விற்பனை சரிவை இன்னும் ஆழமாக்கியது. அதற்கு ‘எதிர்நிகழ்த்துதன்மை’ பொருந்தும். ‘செயல்திறனின்மை’ என்று போட்டால், அந்த முறையை யாரும் சரியாகக் கையாளவில்லை என்றாகிவிடும். கையாண்டார்கள், சந்தைதான் கோட்பாட்டை விட்டு விலகிப்போனது.