சமூக ஈடுபாடு: சொல்லுக்குள் இருக்கும் ஈடு

திருகோணமலையில் எங்கேஜ்மென்ட் என்றால் முதலில் மோதிரம்தான் நினைவுக்கு வரும். முதுகலைமாணிப் பட்டத்துக்குத் தமிழோ நாடகமோ வரலாறோ படிக்கும் பிள்ளைகளிடம் அதே சொல் ‘கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட்’ என்று வந்து சேர்கிறது. ஆய்வுக் கேள்வியை ஊராரோடு இருந்து தீர்மானித்து, அவர்களோடு சேர்ந்தே தேடி, கிடைத்ததை அவர்கள் கையிலும் கொடுக்கும் முறை அது. இதைத் தமிழில் ‘சமூக ஈடுபாடு’ என்கிறோம். இந்த இரு சொற்களில் ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும், மற்றதில் ஒரு சிக்கல் உண்டு.

பிரெஞ்சில் ‘காஜ்’ என்றால் பிணைப்பொருள். பிணை வைத்துத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதே எங்கேஜ் என்பதன் பழைய பொருள். மோதிரமும் அப்படியொரு பிணைதான்.

தமிழில் ‘இடு’ என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு ‘ஈடு’ ஆகிறது. ‘படு’ நீண்டு ‘பாடு’ ஆகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் ஈடுபாடு. ஈடு என்றால் நிகர், பிணை, இழப்புக்குத் தரும் பதில். காணி உறுதியை ஈடு வைத்துக் கடன் எடுப்பது நம் வீடுகளில் நடப்பது. நட்டஈடு என்ற சொல்லைப் படிவம் நிரப்பி நிரப்பியே அறிந்த மாவட்டம் இது. பிரெஞ்சுச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் இரண்டு மொழியும் பிணை என்ற ஒரே நினைப்பைத் தொட்டிருப்பதைக் கண்டபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

2004 சுனாமிக்குப் பிறகும், 2006 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகும் எங்கள் மாவட்டத்து மூதூர், சம்பூர்ப் பக்கத்துச் சனம் கேள்வி கேட்டு எழுத வந்த எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லிவிட்டது. அதற்கு அங்கே உள்ள பெயர் ‘விபரம் எடுக்கிறது’. எடுக்கிறது மட்டும்தான். ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “பிள்ளை, முந்தி வந்தவையும் எழுதிக்கொண்டுதான் போனவை. அந்த எழுத்தெல்லாம் இப்ப எங்க கிடக்கு?” என்னிடம் பதில் இருக்கவில்லை. எடுத்ததற்கு ஈடாக நான் எதையும் வைத்திருக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். திரள் என்று பொருள்படும் ‘சமூஹ’ என்ற வடசொல்தான் சமூகம் ஆனது. பாடசாலைக் கடிதத்தில் “பெற்றோர் தவறாது சமூகமளிக்கவும்” என்று வருகிறதே, அது ‘சம்முக’ என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. நேருக்கு நேர் என்று பொருள். இந்தக் குழப்பம் சின்னது. பெரியது வேறு: கிழக்கில் நாம் ‘மூன்று சமூகங்கள்’ என்றால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்றுதான் காதில் விழும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மூதூரில் போய் “சமூக ஈடுபாட்டு ஆய்வு” என்றால், “எந்தச் சமூகத்துக்கு?” என்ற கேள்வி வரும். வருவதும் நியாயம்.

ஆகவே என் தேர்வு ‘ஊர் ஈடுபாடு’. ஊர் என்ற சொல்லுக்குள் எல்லாரும் அடங்குவார்கள். கரைவலைத் தொழிலாளர் போல ஊர் கடந்த ஒரு கூட்டத்தோடு வேலை என்றால் அவர்கள் பெயரையே சொல்லிவிடலாம். ‘பங்குபற்றல்’ இதற்குப் போதாது; வேறொருவர் தொடங்கியதில் போய்ச் சேர்வதைத்தான் அது சொல்கிறது.

கூத்து பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் பழைய கூத்துக் கொப்பியை வாங்குகிறாள் என்று வையுங்கள். அவளுடைய ஆய்வு முன்மொழிவில் ‘ஈடு’ என்றே ஒரு தலைப்பைப் போடச் சொல்வேன். கொப்பி எந்தத் திகதியில் திரும்பும், தட்டச்சு செய்த பிரதி ஊரில் யார் வீட்டில் இருக்கும், முகப்பில் அண்ணாவியார் பெயர் எங்கே வரும் என்பதை அதன் கீழ் எழுதி, முதலில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.