ஸ்டெம் செல் ஊசியும் நாடாத் தடத்தில் இருந்த பொருக்கும்

கார்த்திகை மழை விட்ட கையோடு, காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றைத் திறந்தார்கள். தை மாதம் முன்னோர்களுக்குப் படைப்பு. சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பங்காளிகள் வருவதற்குள் முகப்பு முதல் கொல்லை வரை சுத்தமாக வேண்டும். கொல்லையிலோ ஆள் உயரப் புல், கருவேலம் புதர். அதை வெட்டிய அறுபது வயது அம்மாளுக்குப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல். நான்கு நாள் மருந்துக் கடை மாத்திரை, இரண்டு நாள் எங்கோ ஊசி. ஏழாம் நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நிமிடத்துக்கு 38 முறை மூச்சு வாங்கினார். ரத்த அழுத்தம் 80ஐத் தாண்டவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளை.

இரவு சிங்கப்பூரிலிருந்து பேரன் போன் செய்தார். "டாக்டர் சார், ஸ்டெம் செல் ஊசி போட்டால் நுரையீரல் புதிதாக வளருமாமே? ஒரு மையத்தில் பேசிவிட்டேன். நிலத்தை விற்றாவது அப்பத்தாவுக்குப் பணம் கட்டுகிறேன்."

இப்படிக் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. நிலத்தை விற்கச் சொல்பவர்கள் மீது வருகிறது.

அப்பத்தாவுக்கு வந்திருந்தது செப்சிஸ். நம் ஊரில் இதை 'ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது' என்பார்கள். அது பாதி உண்மைதான். கிருமியை விரட்டக் கிளம்பிய நம் எதிர்ப்புச் சக்தியே நிலைதடுமாறி, சொந்த உறுப்புகளைத் தாக்கத் தொடங்குவதுதான் ஆபத்து. ரத்தக் குழாய்கள் கசிந்து, நுரையீரலின் காற்றுப்பைகளில் நீர் கோத்துக்கொண்டால் அது ஏஆர்டிஎஸ் என்ற தீவிர மூச்சுத்திணறல் நிலை. அதுவும் அவருக்கு இருந்தது. 1967இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்த நிலைக்கு, பாதிப்பையே நேராகச் சரிசெய்யும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல் மீது ஆராய்ச்சியாளர்கள் கண் வைத்ததற்கும் அதுதான் காரணம்.

எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்து வளர்க்கும் மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்களைத்தான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள். அவை புது நுரையீரலாக வளர்வதில்லை. நரம்பில் ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, ஓரிரு நாளில் மறைந்துவிடுகிறது. அதற்குள் அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிக்கின்றன, கிருமியைக் கொல்லும் புரதத்தையும் வெளியிடுகின்றன. எலிகளில் இது அழகாக வேலை செய்தது.

மனிதர்களிடம் கதை வேறு. 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் ஏஆர்டிஎஸ் நோயாளிகள் 60 பேர். 40 பேருக்குச் செல், 20 பேருக்கு வெறும் திரவம். செல்லால் கெடுதல் இல்லை என்று தெரிந்தது. உயிரிழப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. உறைநிலையிலிருந்து உருக்கியபோது உயிரோடு இருந்த செல்கள் ஒரு பையில் 36 சதவீதம், இன்னொன்றில் 85. கடலூர் மீன் லாரியில் ஐஸ் கரைந்த கதைதான். கொரோனா நுரையீரல் பாதிப்புக்கான பெரிய ஆய்வு ஒன்று, 222 பேரைச் சேர்த்தபின் பலன் தெரியாது என்று 2020இல் நிறுத்தப்பட்டது. அதே செல் மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் மஜ்ஜை மாற்றுக்குப் பின் சில குழந்தைகளுக்கு வரும் வேறொரு சிக்கலுக்காக. ஆகவே இந்தத் துறையை ஏமாற்று என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆய்வுக்கூடத்தில் இருப்பதைக் கடையில் விற்பதுதான் ஏமாற்று.

நம் நாட்டில் செப்சிஸுக்கும் ஏஆர்டிஎஸுக்கும் இதை முறைப்படி பதிவான ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம். ஆய்வு என்றால் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. எனவே பேரனிடம் இரண்டே கேள்விகளைக் கேட்டு வரச் சொன்னேன்: சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன, பணம் எதற்கு? மறுநாள் அந்த மையம் அவருடைய போனை எடுக்கவில்லை.

இதற்குள் விடை வேறிடத்தில் கிடைத்திருந்தது. உடம்பு துடைத்துக்கொண்டிருந்த செவிலியர் என்னைக் கூப்பிட்டு, பாவாடை நாடா அழுந்திய தடத்தைக் காட்டினார். மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்புப் பட்டதுபோல இருந்தது. வலியும் அரிப்பும் இல்லாததால் அவருக்கே தெரிந்திருக்காது. ஸ்க்ரப் டைஃபஸ், புதரில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வருவது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ் என்று துணி மூடிய இடங்களில்தான் கடி ஒளிந்திருக்கும். நாங்கள் தினமும் கொடுக்கும் பல பெரிய ஆன்டிபயாடிக்குகள் இதைத் தொடாது. டாக்ஸிசைக்ளின் தொடும், தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் மாத்திரை ஒன்றுக்குச் சில ரூபாய்தான். தீவிர நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று, இந்தியாவிலேயே நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. அதையே செய்தோம். வென்டிலேட்டரில் உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் மட்டும் காற்று. நாளுக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்கை. குப்புறத் திருப்ப ஐந்து பேர் வேண்டும். வார்டு உதவியாளர்கள் முனகிக்கொண்டே வந்தார்கள், ஒரு நாளும் தவறவில்லை.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், பேச்சு குழறினால், கடை மாத்திரையை விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தோட்டம், வயல், பூட்டிய வீடு என்று எங்கே வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எங்களுக்கும் அவசரத்தில் மறந்துபோகிறது.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தோம். குரல் கரகரத்தது. பேரனை வீடியோவில் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கிணற்றடிப் பக்கம் பாதிப் புதர் நிற்கிறதே ஐயா, வெட்டிவிட்டார்களா?"