சோபியாவை முதலிடத்தில் ஏற்றியது யார்?

அமெரிக்காவில் பிறந்த பேத்திக்கு சோபியா என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். "அவள் வகுப்பிலேயே இன்னும் ரெண்டு சோபியா இருக்கிறார்கள். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டா பெயர் வைக்கிறார்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. யாரும் பேசி வைக்கவில்லை. பேசி வைக்காமலே இப்படி நடக்கும்.

முதலில் பெயரின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கிரேக்க மொழியில் சோபியா என்றால் ஞானம். 537இல் ஜஸ்டினியன் பேரரசர் கட்டி முடித்த ஹாகியா சோபியா தேவாலயம் எந்தப் பெண்ணின் நினைவாகவும் எழுந்ததல்ல, இறைவனின் ஞானத்துக்கு எழுப்பியது. பிறகு புனிதர் பெயராகவும் ராஜகுடும்பத்துப் பெயராகவும் ஐரோப்பா முழுக்கப் பரவியது. பிரிட்டனின் அரசுரிமை ஜெர்மனியின் ஹனோவர் அரச வம்சத்துச் சோபியாவின் வாரிசுகளுக்கே என்று 1701இல் சட்டமே போட்டார்கள். கணிதத்தில் சோபியா கோவலெவ்ஸ்காயா இருக்கிறார். நம்மூர்க் கிறிஸ்தவ வீடுகளிலும் இந்தப் பெயர் உண்டு.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே சமூகப் பாதுகாப்புத் துறை 1880 முதலான குழந்தைப் பெயர்களின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. 2011, 2012, 2013 மூன்று ஆண்டுகளும் பெண் குழந்தைகளில் சோபியாதான் முதலிடம். 2012இல் மட்டும் 22,000க்கு மேல். இத்தனைக்கும் வேறு ஸ்பெல்லிங்கில் எழுதும் சோபியாக்களைத் தனியாக எண்ணுகிறார்கள்.

ஒரு பெயர் மேலே வந்தால் அதில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அப்படி எதுவும் இருக்கத் தேவையில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

நூறு சீட்டில் நூறு வெவ்வேறு பெயர்களை எழுதி ஒரு பையில் போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, அந்தப் பெயரைப் புதுச் சீட்டில் எழுதிக்கொண்டு, எடுத்ததைத் திரும்பப் பையிலேயே போட்டுவிடுங்கள். இப்படி நூறு தடவை. ஒவ்வொரு தடவையும், ஒரு பெற்றோர் எங்கோ கேட்ட பெயரைக் காப்பியடிப்பது மாதிரி. கையில் சேர்ந்த நூறு புதுச் சீட்டுகள்தான் அடுத்த தலைமுறை; பழையதைக் கொட்டிவிட்டு, அடுத்த சுற்றுக்கு இவற்றையே பையில் போட வேண்டும். அதில் எத்தனை பெயர்கள் மிஞ்சியிருக்கும்? ஒரு பெயர் ஒரு தடவை சிக்காமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 99. நூறு தடவையும் சிக்காமல் போக வேண்டுமானால் 0.99ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.37. ஆக, முதல் சுற்றிலேயே ஏறக்குறைய 37 பெயர்கள் காலி! அதே சமயம் சில பெயர்கள் இரண்டு, மூன்று முறை வந்திருக்கும். அடுத்த சுற்றில் அவை கையில் சிக்கும் வாய்ப்பும் அதே அளவு கூடிவிடுகிறது. மூன்று சுற்று முடியும்போது 60க்கு மேல் அழிந்திருக்கும். பொறுமை இருந்தால் தொடருங்கள்: சராசரியாக 200 சுற்றுக்குள் பை முழுக்க ஒரே பெயர்தான். எது என்று ஆரம்பத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் எந்தப் பெயரும் எதைவிடவும் உசத்தி இல்லை.

இப்போது சுற்றுக்கு ஒரு சீட்டில் மட்டும் புத்தம்புதுப் பெயர் எழுதலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எந்தப் பெயராலும் நிரந்தரமாகக் கொடி நாட்ட முடியாது. ஓரிரு பெரிய பெயர்களும் பின்னால் ஒரு கூட்டம் அபூர்வப் பெயர்களுமாக இருக்கும், பெரியவை அவ்வப்போது மாறும். 2003இல் மேத்யூ ஹான், அலெக்சாண்டர் பென்ட்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, பரவல் இதே மாதிரிதான் இருந்தது. (இரண்டாமவர் பெயரும் கிரேக்கம்தான்!) மரபணுக்களுக்காக 1968இல் மோட்டூ கிமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி முன்வைத்த நடுநிலைக் கோட்பாட்டுக்கு (மூலக்கூறு அளவிலான மரபணு மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையோ தீமையோ இல்லாமல் தற்செயலாகவே பரவுகின்றன என்பது அது) அடியில் இருப்பதும் இதே கணக்கு.

எண் ஜோதிடம் பார்த்து மகளின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுவதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள், அதற்கு முன்பு ஒருமுறை இந்தப் பையைக் குலுக்கிப் பார்க்கலாம். செலவு குறைவு.

நிஜப் பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுப்பதில்லைதான். 1947இல் அமெரிக்காவில் 'லிண்டா' என்ற பாட்டு ஹிட்டானது. லிண்டா என்று பெயர் வைத்த குழந்தைகள் ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பாகி, 1880இலிருந்து முதலிடத்தில் அசையாமல் இருந்த மேரியையே இறக்கினார்கள். 1953இல் மேரி திரும்ப மேலே. வேகமாக ஏறும் பெயர் வேகமாகவே இறங்கும் என்று ஜோனா பெர்கர், கேல் லெ மென்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள்: "இது சும்மா ஃபேஷன்" என்று பெற்றோர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்களாம். ஒலியும் தொற்றும். 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலுக்குப் பிறகு 'க' ஒலியில் தொடங்கும் பெயர்கள் சுமார் 9% கூடின என்கிறது பெர்கர் குழுவின் இன்னொரு ஆய்வு. சோபியாவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது இசபெல்லா. ஒலிவியா, எம்மா, மியா எல்லாம் பக்கத்திலேயே. காது ஏற்கெனவே பழகியிருந்தது.

கிரேக்கத்தில் கதை வேறு. அங்கே பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது வழக்கம். யாரைப் பார்த்துக் காப்பியடிப்பது என்பது முன்பே முடிவாகிவிடுவதால், பாட்டும் புயலும் நுழைய இடம் குறைவு.

இதெல்லாம் அந்தப் பட்டியல் இலவசமாகக் கிடைப்பதால் வந்த அறிவு. ஐந்துக்கும் குறைவான குழந்தைகளுக்கு வைத்த பெயரை அவர்கள் வெளியிடுவதில்லை, அதனால் அந்தரங்கமும் கெடவில்லை. நம்மிடமும் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்புப் பதிவு நடக்கிறது. ஆய்வுக்குப் பெரிய நிதி ஒதுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆண்டுவாரியாகப் பெயர்களின் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் போதும். 'ஷ்' என்றும் 'ஷா' என்றும் முடியும் பெயர்கள் எந்த மாவட்டத்தில் எந்த ஆண்டு ஏறத் தொடங்கின என்று ஒரு கல்லூரி மாணவரே வரைந்து காட்டிவிடுவார்.