28 சதவீதம் லெஸ்: மிச்சம் யாருக்கு?

போன மாதமும் ஒரு மழைநீர் வடிகாலைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கட்டி ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை, நகத்தால் சுரண்டினால் மணல் உதிர்கிறது. கோப்பைப் புரட்டினால் 28 சதவீதம் லெஸ், அதாவது மதிப்பீட்டைவிட அவ்வளவு குறைத்துக் கேட்டு எடுத்த டெண்டர், 45 நாள் கெடு. இந்த ஆண்டில் எனக்கு இது நான்காவது.

"இருந்தாலும் 28 சதவீதம் மிச்சம் சார்" என்றார் கவுன்சிலர். இந்த மிச்சக் கணக்கைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வில் அடக்கச் செலவின் மேல் லாபம், மேல்செலவு இரண்டுக்கும் சேர்த்தே 15 சதவீதம். அதாவது 100 ரூபாய் மதிப்பீட்டில் 13 ரூபாய். அதை ஒப்பந்தக்காரர் முழுதாக விட்டுக்கொடுத்தாலும் இன்னும் 15 ரூபாய் குறைகிறதே, கம்பிக் கடைக்காரர் தருவாரா? சிமென்டிலும் கம்பி இடைவெளியிலும்தான் எடுப்பார்கள். அப்புறம் அதே வடிகாலுக்கு மறு டெண்டர். மதிப்பீடே ஊதிப் போட்டது என்கிறீர்களா? அது வேறு வியாதி.

"சட்டமே எல்-1-க்குத்தானே, குறைந்த விலை கேட்டவருக்குத்தானே கொடுக்கச் சொல்கிறது?" என்று கேட்பார்கள். 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஆவணத்தில் எழுதிய அளவுகோல்களின்படி மதிப்பிட்டுத்தான் குறைந்த விலையைக் காணச் சொல்கிறது. அந்த அளவுகோல்களை எழுதுவது பொறியாளர்களாகிய நாம்தான். மத்திய அரசுப் பணிகளில் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தர 2021 அக்டோபரில் நிதியமைச்சகம் வழிவிட்டது. வடிகாலுக்கு அதெல்லாம் வேண்டாம். முன்தகுதியை, அதாவது யார் டெண்டர் போடலாம் என்பதை, ஒழுங்காக எழுதினாலே போதும்.

அவசரம் இன்னொரு தலைவலி. ஏழு மாதம் மேசை மேசையாகக் கிடந்த வேலையை 45 நாளில் முடி என்றால், முதலில் வெட்டுப்படுவது நீராற்றுதல், போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுகவிடுவது. நம் வெயிலில் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது 10 நாள். திறப்புவிழாத் தேதி கான்கிரீட்டுக்குத் தெரியாது.

விலை அடிமட்டத்துக்கு வந்தால் ஒப்பந்தக்காரரிடம் விலைப் பகுப்பாய்வை எழுதி வாங்குங்கள். அவர் கையில் ஏற்கெனவே எத்தனை வேலை என்று பாருங்கள். அவர்கள் கொண்டுவரும் கியூபை, அதாவது வலிமை பார்க்கும் கான்கிரீட் கட்டியைச் சோதிக்காதீர்கள், உங்கள் கண்முன்னே வார்த்ததைச் சோதியுங்கள். பில்லையும் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். கடன் வாங்கி வேலை செய்கிறவர் வட்டியைக் கலவையில்தான் கழிப்பார்.

புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கைகளே, கான்கிரீட் போட்டு மூடும் முன் ஒரு தடவை நேரில் போய்க் கம்பியை அளந்துவிடுங்கள். எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், கையெழுத்து அதன் பிறகு இருக்கட்டும்.