கூரைக் கணக்கைத் தரையிலேயே முடித்துவிடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வந்து சொந்த வீடு வாங்கியவர்கள், கொஞ்சம் கை நிமிர்ந்ததும் பின்பக்கம் ஓர் அறை இழுக்கிறார்கள். நேராக இருந்த கூரை எல் வடிவமாகிறது. அதோடு விடுவதில்லை, பழைய துரை பங்களா மாதிரி நாலு பக்கமும் சரிவு வேண்டும் என்கிறார்கள். ஆசை நியாயம்தான், பார்க்கவும் அழகு. ஆனால் இந்த மாதிரிக் கூரையில் ஆள் விழுவதற்கு வழுக்கல் மட்டும் காரணமில்லை. கணக்குத் தெரியாத தச்சர் ஒவ்வொரு கட்டையையும் மேலே தூக்கி, வைத்துப் பார்த்து, அறுத்து, மறுபடி வைத்துப் பார்க்கிறார். ஒரு மணி நேர வேலைக்கு அரை நாள் உயரத்தில் இருக்கிறார். ஆபத்து அங்கேதான்.

12 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஏறும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைதான் கைமரம். சுவரிலிருந்து நேராக முகட்டுக்கு ஏறும் கைமரம் ஓர் அடி ஓட்டத்துக்கு, அதாவது கிடையாக ஓர் அடிக்கு, 13.42 அங்குல நீளம் பிடிக்கும். மூலைக் கைமரம் மேலிருந்து பார்த்தால் சுவருக்கு 45 பாகையில் ஓடுவதால் அதே அடிக்கு 18 அங்குலம். 20 அடி அகல வீட்டில் பாதி 10 அடி. ஆக நேர் கைமரம் 11 அடி 2 அங்குலத்துக்குச் சற்று மேல், மூலைக் கைமரம் சரியாக 15 அடி. முகட்டுப் பலகையின் கனத்துக்குக் கழிப்பதும் சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்துக்குக் கூட்டுவதும் தனி. மூலையை ஒட்டி வரும் குட்டைக் கைமரங்களை 2 அடி இடைவெளியில் வைத்தால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட 26.8 அங்குலம் குறையும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிவிடலாம். தாளில் நம்பிக்கை வராதவர்கள் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பு நூல் அடித்து முழு அளவிலேயே வரையுங்கள். இரண்டு சரிவும் உள்மூலையில் சேரும் கூடல்வாயை நான் இன்றைக்கும் அப்படித்தான் வரைகிறேன். மழை ஒழுகுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அடுத்தது குடைவு. கைமரம் சுவர்ச் சட்டத்தின் மேல் உட்கார அடியில் ஒரு முக்கோணம் வெட்டுவோமே, அது கட்டையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வட்ட ரம்பத்தை முனை வரைக்கும் ஓட்டாதீர்கள். அதன் பல் வட்டமாக இருப்பதால் மேல்பக்கம் கோடு சேரும்போது அடிப்பக்கம் இன்னும் மரம் மிச்சமிருக்கும். அதை முடிக்கக் கோட்டைத் தாண்டி ஓட்டினால் மூலையில் கத்தி கீறிய மாதிரி ஒரு வெட்டு நின்றுவிடும். கெம்பாஸ் மாதிரிக் கெட்டி மரத்தில் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அப்புறம் ஓடு மாற்ற வந்தவர் இறவாரத்தில் கால் வைப்பார், கைமரத்தின் வெளிமுனை முறியும். மிச்சமிருப்பதை முடிக்கக் கைரம்பம் எடுங்கள்.

“ஒரு மாடிதானே தம்பி, சாரத்துக்கு எதுக்கு இவ்வளவு காசு? பெல்ட்டு போட்டுக்கோயேன்” என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். கேட்பது சரியான கேள்விதான். பதிலை மீட்டரில் சொல்ல வேண்டும். பாதுகாப்புப் பெல்ட்டோடு வரும், அதிர்ச்சி தாங்கும் பட்டையுள்ள கயிறு 2 மீட்டர், இழுபட்டால் பட்டை கிழிந்து 1.75 மீட்டர் வரை நீளும், பெல்ட்டின் கொக்கியிலிருந்து ஆளின் பாதம் 1.5 மீட்டர், கீழே 1 மீட்டராவது மிஞ்ச வேண்டும். கூட்டினால் 6 மீட்டருக்கு மேல். மேலே கணக்குப் போட்ட வீட்டின் இறவாரம் தரையிலிருந்து 3 மீட்டர், முகடு 4.5 மீட்டர். அந்தக் கயிறு ஆளைப் பிடிக்குமுன் தரை பிடித்துவிடும். ஓரத்துக்கே போக முடியாதபடி கயிற்றைக் குட்டையாகக் கட்டினால் பெல்ட்டு உதவும், இல்லையென்றால் கைப்பிடி வைத்த சாரம்தான். ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி வெளியே வைத்து, இறங்கும் இடத்துக்கு மேல் 1 மீட்டர் நீட்டிக் கட்டுங்கள். மத்தியானம் மலைப்பக்கம் கறுத்தால் இறங்கிவிடுங்கள். முதலாளி திட்டினால் திட்டட்டும்.

கைமரத்துக்குப் பதிலாகக் கூரையைத் தாங்கும் முக்கோண ரெடிமேட் சட்டக்கூடுகளை நிறுத்தும்போது முதல் கூட்டைத் தரையோடு சாய்கட்டை போட்டு இறுக்கிவிட்டுத்தான் இரண்டாவதைத் தூக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு இடம் பண்ண அவற்றின் குறுக்குச் சட்டத்தை அறுக்கிற பிளம்பர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 200 கேலன் தொட்டி நிறைந்தால் 900 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் சுவரில் இறங்க வேண்டும்.

பழைய தோட்ட வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் தகடு இன்னும் இருக்கிறது. அதன்மேல் நடக்காதீர்கள், நொறுங்கிவிடும். அறுக்காதீர்கள், துளைபோடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோய். தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, தகட்டை முழுசாக இறக்கத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. சின்ன கொன்ட்ரக்டர்தானே என்று ஒதுங்க முடியாது. சிஐடிபி (கட்டுமானத் துறை வாரியம்) தரும் பச்சை அட்டை, பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) இரண்டையும் எடுத்து வையுங்கள். தனியாளாக வேலை செய்பவர்களுக்கும் பெர்கேசோவில் சுயதொழில் திட்டம் உண்டு.

இன்னொன்று, இது வீட்டுக்காரர்களுக்கு. செல்லரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரம் லேசாகப் பச்சை தட்டியிருக்கும். அந்த மருந்தில் தாமிரம், குரோமியத்தோடு ஆர்சனிக்கும் உண்டு. அறுத்த துண்டுகளை வெந்நீர் அடுப்புக்கும் பொங்கல் பானைக்கும் என்று அள்ளிக்கொண்டு போகிறார்கள். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக். வேலை முடியும் அன்றே அந்தத் துண்டுகளைத் தனிச் சாக்கில் கட்டி, குப்பை லோரியில் ஏற்றும்வரை பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.