பட்டினி தந்த மென்மையைப் பரம்பரை என்று நம்பாதீர்கள்

சென்ற வாரம் உதகைக்கு அருகே ஒரு மந்தையைப் பார்க்கச் சென்றபோது, புதிதாக வாங்கிய நீலகிரிச் செம்மறிக் கிடாவை என்முன் நிறுத்திய உரிமையாளர், "தொட்டுப் பாருங்கள் டாக்டர், பட்டு மாதிரி இருக்கிறது" என்றார். கம்பளி மென்மையாகத்தான் இருந்தது. ஆனால், அதன் அடியில் விலா எலும்புகளை எண்ணிவிட முடிந்தது. இந்த ஆண்டில் இப்படி வாங்கப்பட்டு நான் பார்க்கும் நான்காவது பொலிகிடா இது.

தீனி குறைந்தால் எந்தச் செம்மறியின் கம்பளி நாரும் மெலிந்து, தொட்டால் மென்மையாகத் தெரியும். அது மரபணு தந்த நயம் அன்று, பசி தந்த மெலிவு. அத்தகைய நார் வலுவிழந்து, ஆலையில் சீவும்போதே அறுந்துவிடும். அந்தக் கிடா வயிறாரத் தின்னத் தொடங்கியதும் அதன் நார் மீண்டும் தடிக்கும். குட்டிகளுக்கு அது கடத்துவது உண்மையான மரபுத் தன்மையையே, பட்டினியை அன்று. நயமான கம்பளிக்குப் பெயர்பெற்ற மெரினோ இன மந்தைகளில், நாரின் விட்டத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் வருவது. கோவை ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் இனங்கள் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான நீலகிரி இனத்திலும் கிடாவுக்குக் கிடா வேறுபாடு உண்டு என்பதால், தேர்வு முக்கியம்தான். ஆனால், அந்தத் தேர்வை விரல் நுனியிடம் ஒப்படைக்காதீர்கள்.

ஒரே வயதில், ஒரே மேய்ச்சலில், ஒன்றாக வளர்ந்த கிடாக்களை மட்டுமே ஒப்பிடுங்கள். உடலின் நடுப்பக்கத்திலிருந்து கம்பளி மாதிரி எடுத்து, நாரின் விட்டத்தை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளந்து தரக் கேளுங்கள். தாய் தந்தையின் பதிவேட்டைக் காட்டாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் மன்றாடிக் கேட்கிறேன்: கம்பளி மெலியட்டும் என்று சினை ஆட்டுக்குத் தீனியைக் குறைக்காதீர்கள். 150 நாள் சினைக்காலத்தின் கடைசி 50 நாளில்தான் குட்டியின் தோலில் நயமான நாரைத் தரும் இரண்டாம் நிலை மயிர்க்கால்கள் பெருகுகின்றன. அப்போது தாய் பட்டினி கிடந்தால் அவற்றின் எண்ணிக்கை குறைந்து, அந்தக் குட்டி வளர்ந்தபின் வாழ்நாள் முழுவதும் குறைவான, தடித்த கம்பளியையே தரும்.

அந்தக் கிடாவை இப்போதைக்குப் பெட்டை ஆடுகளோடு சேர்க்க வேண்டாம், சில மாதம் நன்றாக மேயவிட்டுப் புதிதாக வளரும் நாரை அளந்த பிறகு முடிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டுதான் திரும்பினேன்.